தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம்

ஜூன் 6

மெக்கானிக் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைக் கண்டதும் நான் சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வேலையாக எழுதுகிறேன். போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் உங்கள் குரல் அப்படியே உங்கள் அண்ணன் குரல். ஒரு "ஹலோ" காதில் விழுந்தால் போதும், அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது. நீங்களும் போன் செய்ய வேண்டாம், எழுதினால் போதும்.

நான் ஒரு வண்டி வாங்க வேண்டும். பழைய டீசல் பிக்கப்.

வெள்ளம் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஆற்றுக்கரை உடைந்த இடத்தில் இன்னும் மணல் மூட்டைதான் கிடக்கிறது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கரை வேலை பார்க்கும் என்ஜினியர் வந்திருந்தார். "இந்த மழைக்கு இது தாங்குமா சார்?" என்று எழுந்து நின்று கேட்டது நம் கீழ்த்தெரு தையல் அக்காதான், வேறு யார் கேட்பார்கள்?

"தாங்கும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேம்மா. சங்கு ஊதினா முக்கால் மணி நேரம் இருக்கும். அதுக்குள்ள மேட்டுக்குப் போயிடுங்க" என்றார். அவ்வளவுதான் அவர்களுடைய திட்டம்.

மேட்டுக்கு நடந்துபோக ஊரில் எல்லோருக்கும் கால் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு இல்லை. வெள்ளத்தில் உங்கள் அண்ணன் போன இரண்டாம் மாதமே அத்தைக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது என்பது உங்கள் காதுக்கு வந்திருக்கும். இப்போது உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுகிறார். காரில் மடக்கி உட்கார வைத்து டாக்டரிடம் கொண்டுபோன அன்று வழியெல்லாம் அழுதார். கட்டிலை அளந்து வைத்திருக்கிறேன். ஆறடிக்கு இரண்டரை அடி. அதை அப்படியே தூக்கிப் பின்னால் வைத்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்குத்தான் பிக்கப்.

ஓட்டத் தெரியும். அவர் கற்றுக்கொடுத்தார். ஆனால் நல்ல வண்டி எது, மினுக்கி வைத்த வண்டி எது என்று எனக்குத் தெரியாது. இரண்டு இடத்தில் போய்ப் பார்த்தேன். ஒருவன் "டாக்டர் ஓட்டின வண்டிம்மா, பூ மாதிரி வெச்சிருந்தாரு" என்றான். கதவைத் திறந்தேன். மாட்டு டாக்டராக இருந்திருப்பார் போலிருக்கிறது, சாணி வாடை குப்பென்று அடித்தது.

டீசல் இன்ஜினைப் பற்றி எனக்கு நேர்மையாகச் சொல்லக்கூடிய ஒரே ஆளை நானே வாசலில் நிற்க வைத்துத் திட்டி அனுப்பினேன். அதை மறக்கவில்லை, வருந்தவும் இல்லை. பம்ப் கசிகிறது என்று தெரிந்தும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று அவரை அனுப்பிவைத்தவர் நீங்கள். வெள்ளத்தின் நடுவில் அவர் வண்டி நின்றுபோனது அதனால்தான். அவரைக் கிடத்தியிருந்தபோது எல்லோர் முன்னாலும் நீங்களே சொன்னது அது. அதே தப்பு இன்னொரு முறை நடக்கக் கூடாது. என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

வாலுவின் அம்மா


ஜூன் 15

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

முதலில், புது மாடல் வேண்டாம். கம்ப்யூட்டர் வைத்த இன்ஜின் நன்றாகத்தான் ஓடும். ஆனால் ஒரு ஒயர் நனைந்தால் நின்றுவிடும், சரிபார்க்க ஊரில் ஆள் இருக்காது. பழைய பம்ப் வைத்த டீசலாகப் பாருங்கள். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரி செத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறான். எதற்கு என்று கேட்காதீர்கள், திரும்பி வந்துவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

புகையைப் பாருங்கள். முதலில் கொஞ்சம் வருவது சகஜம். நீலமாக வந்துகொண்டே இருந்தால் ஆயிலைத் தின்கிறது. வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. இரண்டும் வேண்டாம். பிறகு, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேலேயே கவிழ்த்து வையுங்கள். மூடி லேசாக நடுங்கலாம். துள்ளி விழுந்தால் உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது.

ஒரு சின்னச் சுத்தியல் கொண்டுபோங்கள். வண்டிக்குக் கீழே படுத்து, பின்சக்கரத்துக்கு மேல் பாரம் தாங்கும் வில்பட்டைகள் மாட்டியிருக்கும் இடத்தில் அடிச்சட்டத்தைத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். துரு தின்ற இரும்பு பொத்தென்று சொல்லும். வெளியே பெயிண்ட் போனதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பளபளப்பைக் கண்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கடைசியாக ஒன்று. போன வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து இப்போது விற்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சீட்டைத் துடைப்பார்கள், தரைவிரிப்பை மாற்றுவார்கள். பெல்ட்டை முழுக்க இழுத்துத் துவைக்க யாருக்கும் தோன்றாது.

அம்மாவுக்கு நான் எழுதினேன் என்று சொல்லலாமா என்பது உங்கள் விருப்பம். குட்டி எந்த வகுப்புக்குப் போகிறாள்?

தம்பி


ஜூலை 2

மெக்கானிக் அவர்களுக்கு,

இதுவரை ஏழு வண்டி பார்த்தாயிற்று. சுத்தியலோடு போய் இறங்கினால் புரோக்கர்கள் என்னைப் பார்க்கும் பார்வையே வேறு. ஒருவன், "அம்மா, வண்டி வாங்க வந்தீங்களா, உடைக்க வந்தீங்களா?" என்றான். தட்டினேன். உள்ளேயிருந்து துரு செதில் செதிலாக என் முகத்திலேயே கொட்டியது. துடைத்துக்கொள்ள அவனே துண்டை நீட்டினான்.

வேறு மூன்று வண்டி பானெட் சூட்டிலேயே போயிற்று. ஐந்தாவதில் மூடி எகிறி என் காலடியில் விழுந்தது.

ஆறாவது வெள்ளை நிறம். பார்த்தால் மனதைப் பறிக்கும். குளிர்ந்துதான் இருந்தது, ஒரே திருப்பில் கிளம்பியது, புகையும் இல்லை. வாலு ஏறி உட்கார்ந்துவிட்டாள், "இதையே வாங்கும்மா" என்று ஒரே பிடிவாதம். நான் ஓட்டுகிற பக்கத்து பெல்ட்டை இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது. பாதிக்கு மேல் வந்ததும் ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே முழுக்கச் சேற்று நிறம்.

"டீ கொட்டிருக்கும்மா" என்றான் விற்கிறவன்.

பெல்ட்டைப் போட்டுப் பார்த்தேன். கோடு என் நெஞ்சுக்கு நேராக நின்றது. வாலு இறங்கிப் போய்க் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். பதினொரு வயதுப் பெண்ணுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் இப்போது ஆறாம் வகுப்பு.

ஏழாவது ஒன்று இருக்கிறது. பச்சை. இடது கதவு நெளிந்து, வேறு வண்டியின் கதவு மாதிரி இருக்கிறது. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு நர்சரிக்காரர் செடி ஏற்ற வைத்திருந்தது. காலையில் குளிர்ந்து கிடந்தது, இரண்டாவது திருப்பில் கிளம்பியது. மூடி நடுங்கியது, விழவில்லை. சட்டம் கணீர் என்றது. பெல்ட் கடைசி வரை ஒரே நிறம்.

ஆனால் ஒன்று தெரியாமல் நான் வாங்க மாட்டேன். அவர் வண்டியில் இருந்ததே அந்தப் பம்ப் கசிவு, அது இருந்தால் எப்படித் தெரியும்? இதிலும் அது இருந்தால் நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. முதலில் எழுதியிருக்க வேண்டியதே அதுதான்.

வாலுவின் அம்மா


ஜூலை 14

அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி இரண்டு முறை கிழித்துவிட்டேன். ஆனால் நீங்கள் அம்மாவையும் குட்டியையும் ஏற்றிக்கொண்டு போகப் போகிற வண்டி. அதில் நான் தப்பாக எதையும் எழுத முடியாது.

டீசல் வரும் வழியில் கசிவு இருந்தால் வெளியே சொட்டுவதைவிட உள்ளே காற்று இழுப்பதுதான் தொல்லை. முதலில் காலை ஸ்டார்ட்டிங்கில் தெரியும். ஐந்தாறு முறை திருப்ப வேண்டியிருக்கும். கிளம்பினாலும் நின்ற இடத்தில் திக்கித் திக்கி ஓடும். பாரம் ஏற்றி மேடு ஏறினால் மூச்சு வாங்கும். டீசல் வாடை அடிக்கும், பம்புக்குக் கீழே கை வைத்தால் பிசுக்கென்று இருக்கும். ஒரே நாளில் வந்து ஒரே நாளில் வண்டியை நிறுத்துகிற கோளாறு அநேகமாக இல்லை. வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் போகாது.

பச்சை வண்டியைப் பாரம் ஏற்றி, பள்ளிக்கூட மேட்டில் இரண்டாம் கியரில் ஏற்றிப் பாருங்கள். மூச்சு வாங்காமல் ஏறினால் வாங்கிவிடுங்கள். நல்ல வண்டி என்றுதான் தோன்றுகிறது.

வாங்கிய பிறகு: டேங்கைப் பாதிக்குக் கீழே விட வேண்டாம். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் ஓட்டுங்கள். டீசல் ஃபில்டருக்கு அடியில் ஒரு திருகு இருக்கும், மாதம் ஒரு முறை திறந்து தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள்.

வேறு ஒன்றும் இல்லை.

தம்பி


ஜூலை 25

மெக்கானிக் அவர்களுக்கு,

பச்சை வண்டியை வாங்கிவிட்டேன். தையல் அக்காவின் வீட்டுக்காரர், அதுதான் லாரி டிரைவர், கூட வந்தார். பின்னால் பத்து மூட்டை மணல் ஏற்றி மேட்டில் விட்டோம். முனகிக்கொண்டே ஏறியதே தவிர நிற்கவில்லை. கட்டிலும் சரியாகப் பொருந்துகிறது. அத்தையை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பழகினோம். எனக்கும் வாலுவுக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்குமாகச் சேர்ந்து ஆறு நிமிடம் ஆகிறது. தையல் அக்காவுக்கும் ஓர் இடம் சொல்லியிருக்கிறேன். அவருக்கு மூட்டுவலி, கீழ்த்தெருக்காரர்கள் ஏறும் தண்டவாள மேடு வரைக்கும் நடக்க முடியாது. வீட்டுக்காரர் பாதி நாள் லாரியோடு வெளியூரில்.

இனி மற்ற விஷயம்.

நான் பதினொரு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். வந்தவர் சொல்கிற நோயும் சீட்டில் எழுதிய மருந்தும் பொருந்தவில்லை என்றால் எனக்கு உடனே உறுத்தும். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அப்படித்தான் உறுத்திக்கொண்டிருக்கிறது.

வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும் என்கிறீர்கள். அவர் வண்டி எதுவும் சொல்லவில்லை. அன்று காலைகூட ஒரே திருப்பில் கிளம்பியது. நான் சமையலறையில் நின்று கேட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் பின்கட்டு சுவருக்குச் செங்கல் ஏற்றிக்கொண்டு அதே மேட்டில் ஏறி வந்தார். டீசல் வாடை அடித்தால் எனக்குத் தலை வலிக்கும், அது உங்களுக்கே தெரியும். ஒரு நாளும் வலிக்கவில்லை.

இன்னொன்று. டீசல் போடப் போகிற வழியில் நடந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஆனால் முந்தின நாள்தான் டேங்கை நிரப்பினார். அவ்வளவு மழையில், "அரை மணியில வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் தரைப்பாலத்தைத் தாண்டி எதற்குப் போனார்? அந்தப் பக்கம் இருப்பது டீசல் பங்க், கீழ்த்தெரு, உங்கள் ஒர்க்‌ஷாப்.

பம்ப் கசிந்தது என்று நீங்கள் சொன்னது பொய். பொய் என்பது வரைக்கும் நானே வந்துவிட்டேன். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள்.

வாலுவின் அம்மா


ஆகஸ்ட் 9

அண்ணிக்கு,

வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. அண்ணனை நான்தான் கூப்பிட்டேன்.

அன்று பதினொரு மணிக்கே ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் கிளம்பித் தண்டவாள மேட்டுக்கு நடந்து போய்விட்டார்கள். போர்மேன் என் கையைப் பிடித்து இழுத்தார், "வாடா, இரும்பு எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார். நான் போகவில்லை. பம்ப் சோதிக்கும் இயந்திரம் ஒன்று அந்த வருடம்தான் வாங்கியிருந்தேன். உங்களுக்கு நினைவிருக்கும், வாங்கிய அன்று குட்டியைக் கூட்டிவந்து காட்டினேன். தண்ணீர் உள்ளே வந்தால் அது போய்விடும். தனியாளாகத் தூக்க முடியாது. பன்னிரண்டரைக்கு அண்ணனுக்குப் போன் செய்தேன். "வண்டிய எடுத்துட்டு வாண்ணே, ரெண்டு பேருமா ஏத்திடலாம்" என்றேன். இயந்திரத்தை ஏற்ற என்றுதான் சொன்னேன். என் உயிருக்கு ஆபத்து என்று சொல்லவில்லை. ஆபத்தும் இல்லை, நான் நடந்தே போயிருக்கலாம். அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இரு, வரேன்" என்றார்.

மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தரைப்பாலத்தில் தண்ணீர் சக்கரத்துக்குப் பாதி வரை இருந்தபோது இறங்கினார். நடுவில் வரும்போது பக்கத்திலிருந்து ஒரு பெரிய அலை வந்து பானெட்டுக்கு மேல் ஏறியது. இன்ஜின் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைக் குடித்துவிட்டது. எந்த இன்ஜினாக இருந்தாலும் நின்றிருக்கும். நேற்று வாங்கிய வண்டியும் நின்றிருக்கும்.

ஜன்னல் வழியாக வெளியே வந்து கூரைமேல் ஏறிவிட்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் நாற்பதடிகூட இருக்காது. "கயிறு இருக்காடா?" என்று கத்தினார். இருந்தது. இன்ஜின் தூக்குகிற கயிறு. மூன்று முறை வீசினேன். மூன்று முறையும் எட்டவில்லை. நான்காவது முறை வீசச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வண்டி மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பியது. சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். கூரை இல்லை.

இயந்திரமும் போய்விட்டது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஏன் பொய் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். வண்டி பழுது என்றால் பழி மெக்கானிக் மேல் விழும். கூப்பிட்டேன் என்றால் தம்பி மேல் விழும். மெக்கானிக் மேல் விழுவதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாயில் வந்தது அதுதான். ஊரைவிட்டு வந்த பிறகு தினமும் அதைச் சரிசெய்து எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

தம்பி என்று கையெழுத்துப் போடத் தயக்கமாக இருக்கிறது


செப்டம்பர் 11

அண்ணிக்கு,

பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். மழைக்காலத்தில் சீக்கிரம் பூக்கும்.


அக்டோபர் 5

அண்ணிக்கு,

அங்கே மழை ஆரம்பித்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். நீங்கள் எழுதப் போவதில்லை என்று தெரியும். இதை மட்டும் படியுங்கள்.

உங்களிடம் நல்ல வண்டி இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம். நல்ல வண்டி இருந்தால் போய்விடலாம் என்று தோன்றும். அண்ணனுக்கும் அதுதான் தோன்றியது. தண்ணீர் சக்கரத்தின் மையத்துக்கு மேல் போனால் இறங்காதீர்கள். சாலையோரக் கல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் இறங்காதீர்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் முழங்கால் ஆழம்கூட வேண்டாம். யார் கூப்பிட்டாலும் வேண்டாம். யார் கூப்பிட்டாலும்.


நவம்பர் 8

தம்பிக்கு,

நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். செய்தியில் பார்த்துத் தவித்திருப்பாய். முன்பே எழுதியிருக்க வேண்டும், கை ஓடவில்லை.

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. ஆகஸ்டில் வந்ததைப் படித்துவிட்டு அந்த மாதம் முழுக்க உன்னைச் சபித்தேன். வாய்விட்டே சபித்தேன், அத்தை காதில் விழுகிற மாதிரி. ஒரு இரும்புச் சாமானுக்காக என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அத்தைக்குப் பேச்சு வராது, ஆனால் எல்லாம் புரியும். ஒரு நாள் நல்ல கையால் என் வாயைப் பொத்தினார். உன்மேல் உள்ள பாசத்தாலா, என்மேல் உள்ள இரக்கத்தாலா, தெரியவில்லை. அன்றோடு நிறுத்தினேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உன்னிடம்தான் சொல்ல முடியும்.

அக்டோபர் 27. மதியம் ஒன்று பத்துக்குச் சங்கு ஊதியது. நான் கடையிலிருந்து ஓடிவந்தேன். பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் கட்டிலைத் தூக்கினோம், வாலு தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டினாள். பச்சை வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. ஒன்றரைக்குள் பள்ளிக்கூடத்தில் அத்தையை இறக்கிவிட்டோம், ஒரு சொட்டுகூட நனையவில்லை. "பாத்தியா பாட்டி, ஆம்புலன்ஸவிட வேகம்" என்று வாலு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வாலுவைப் பாட்டியோடு விட்டுவிட்டுக் கிளம்பினேன், இரண்டாவது நடை தையல் அக்காவுக்கு. பேசி வைத்த கணக்கு அது. முக்கால் மணி நேரத்தில் இரண்டு நடை தாராளமாக முடியும். ஆனால் என்ஜினியர் சொன்ன முக்கால் மணி நேரம் இருபத்தைந்து நிமிடம்கூட இல்லை. நான் தரைப்பாலத்துக்கு வந்தபோது பாலம் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. ஓரக்கல் ஒன்றும் தெரியவில்லை.

வண்டியை நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை. போன் வந்தது.

"எங்க இருக்க? நான் வெளிப்படியில நிக்கறேன்."

"பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்துட்டேன்க்கா. தண்ணி நிறைய போவுது. மாடிக்குப் போங்கக்கா."

"எனக்கேதுடி மாடி? ஓட்டு வீடு. வண்டி பெரிசுதானே, மெள்ள வந்துடேன்."

நான் கியர் போட்டேன். நீ நம்ப வேண்டும், போட்டேன். முன்சக்கரம் இறங்கியது. வண்டி முழுவதும் ஒரு பக்கமாக லேசாக நகர்வதை உட்கார்ந்த இடத்தில் உணர்ந்தேன். உன் எழுத்து அப்படியே கண்முன்னால் வந்தது, யார் கூப்பிட்டாலும் என்று. ரிவர்ஸ் எடுத்தேன்.

மறுபடி போன் வந்தது. நான் எடுக்கவில்லை. என்ன சொல்வேன்? அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. இன்னொரு முறை அடித்தது, அதற்குப் பிறகு அடிக்கவில்லை.

நான்காவது நாள் தண்ணீர் வடிந்து அக்காவைக் கண்டெடுத்தார்கள். லாரி டிரைவர் ஐந்தாவது நாள்தான் வந்து சேர முடிந்தது, சாலையெல்லாம் அடைப்பு. நான் அவர் வீட்டுக்குப் போனேன். சேற்றுக்கு நடுவில் ஒரு தையல் மிஷினை நிமிர்த்தி வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் திட்டவில்லை, கத்தவில்லை. எனக்காக மணல் மூட்டை தூக்கிப்போட்டு அந்த வண்டியைச் சோதித்துக் கொடுத்த மனிதர். ஒரே கேள்விதான் கேட்டார்.

"வண்டி இருந்துச்சுல்ல?"

நான் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஊரில் யாரைக் கேட்டாலும் நான் செய்தது சரி என்கிறார்கள். இறங்கியிருந்தால் வாலுவுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை என்கிறார்கள். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, தூங்க முடியவில்லை. உன் அண்ணன் போனார், செத்தார். நான் போகவில்லை, ஒருத்தி செத்தாள். இதில் எது சரி என்று யோசிக்க யோசிக்க உன்மேல் இருந்த கோபம் எங்கே வைத்தேன் என்றே தெரியாமல் போய்விட்டது. மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொன்னால் எழுத வரவில்லை. ஆனால் வா. அத்தை இருக்கிறார், பார்க்க வேண்டும்.

அண்ணி


நவம்பர் 15

அண்ணிக்கு,

லீவு சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை மதியம் வந்து சேருவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், நடந்தே வருகிறேன். வண்டி தண்ணீரில் இறங்கியிருக்கிறது, நான் பார்க்கும்வரை எடுக்காதீர்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள், பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் சாவியையே தொட வேண்டாம்.

லாரி டிரைவர் வீட்டுக்கு நாம் இரண்டு பேரும் போவோம். நீங்கள் பேச வேண்டாம், நான் பேசுகிறேன். உங்களைக் காப்பாற்றப் பேச வரவில்லை. கூப்பிட்டவர்கள் பக்கம் என்ன நடக்கும் என்று அவருக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. அந்த அக்கா இல்லை. நான் இருக்கிறேன்.

ஆகஸ்டில் எழுதியபோது ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். எழுதினால் என் பழியைக் குறைக்க எழுதியதாக ஆகிவிடும் என்று விட்டேன். இப்போது உங்களுக்குத் தேவைப்படும் என்பதால் எழுதுகிறேன்.

நான்தான் அண்ணனைக் கூப்பிட்டேன். வருவார், வருவார் என்று படியில் நின்று வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் வண்டி பாலத்து முனையில் வந்து நின்று, முன்சக்கரம் தண்ணீரில் இறங்கியதைக் கண்ணால் பார்த்ததும் எனக்கு இயந்திரமும் வேண்டியிருக்கவில்லை, நானும் வேண்டியிருக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். தொண்டை கிழியக் கத்தினேன். மழை இரைச்சலில் அண்ணனுக்குக் கேட்கவில்லை.

"வராதண்ணே, திரும்பிப் போ" என்றுதான் கத்தினேன்.

தம்பி